நாற்பத்தோராம் பக்கத்தில் விட்டுப்போன மூலம்

டீச்சர்,

போன வாரம் உக்கடம் பஸ் ஸ்டாண்டில், கழிவறைக்குப் போகிற வழிச் சுவரில் ஒரு நோட்டீஸ் பார்த்தேன். 'மூலமா? இனிக் கவலை வேண்டாம்' என்று மஞ்சள் தாளில் சிவப்பெழுத்து. கீழே ஒரு வைத்தியரின் படம், பாதி மீசைதான். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு வேகமாகக் கடக்கிற இடத்தில் நான் நின்று வரிவரியாகப் படித்தேன். ஐம்பதைத் தாண்டிய ஒருவன் அந்த நோட்டீஸை அவ்வளவு அக்கறையாகப் படித்தால் பின்னால் வருகிறவர் என்ன நினைப்பார்? பின்னால் வந்தவர் என் தோளைத் தொட்டு, பக்கத்திலேயே ஒரு நல்ல இங்கிலீஷ் டாக்டர் இருப்பதாக ரகசியக் குரலில் சொன்னார். கும்பிட்டு நகர்ந்தேன். எனக்கு அந்த மூலம் இல்லை, டீச்சர். ஏறக்குறைய முப்பது வருஷமாக என்னை நிம்மதியாக உட்காரவிடாமல் வைத்திருப்பது வேறொரு மூலம். அது உங்களுக்குத் தெரியும். உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுவில் நாம் வேலை பார்த்த டுட்டோரியல், டவுன்ஹால் பக்கம் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இருந்தது. கீழே யாராவது எவர்சில்வர் குடத்தைத் தட்டிப் பார்த்தால், மேலே மணி அடித்துவிட்டதென்று பாதி வகுப்பு எழுந்து நிற்கும். பத்தாம் வகுப்பில் ஒரு தடவையோ நாலு தடவையோ தவறியவர்கள்தான் நம்மிடம் வருவார்கள். காலையில் ஒரு பிரிவு. மில்லிலும் ஒர்க்‌ஷாப்பிலும் ஷிப்ட் முடித்து வருகிறவர்களுக்குச் சாயங்காலம் ஒரு பிரிவு. நீங்கள் கணக்கு, நான் தமிழ். தமிழில் தவறுகிறவர்கள் குறைவு என்பதால் எனக்குப் பாடமும் குறைவு. அந்தக் குறையை நிரப்ப, சாக்பீஸ் வாங்குவது, நோட்டீஸ் அடிக்கக் கொடுப்பது, பிரின்சிபால் பேசினால் முதல் கைதட்டலைத் தொடங்கிவைப்பது ஆகிய திருப்பணிகளும் என் தலையில் விழுந்தன. கைதட்டலில் மட்டும் நான் ஒருநாளும் தவறியதில்லை.

நீங்கள் போத்தனூரிலிருந்து வருவீர்கள். அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் தெலுங்கு, வெளியே எங்களைவிட அழுத்தமான கோயமுத்தூர்த் தமிழ். கோபம் வந்தால் மட்டும் தெலுங்கில் ஒன்று, இரண்டு என்று உதட்டுக்குள் எண்ணுவீர்கள். பெரும்பாலும் ஐந்துக்குள் கோபம் ஆறிவிடும். என்னை அங்கே எல்லோரும் தமிழய்யா என்றுதான் கூப்பிட்டார்கள். என்னைவிட மூன்று வயது மூத்தவரான நீங்களும் அப்படியே கூப்பிட்டு, கூடவே ஒரு 'ங்க'வும் வைப்பீர்கள். அந்த 'ங்க'வில் மரியாதை எவ்வளவு, நக்கல் எவ்வளவு என்று பிரித்தறிய எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. ஒருநாள் ஆசிரியர் அறையில் நான் அரைமணி நேரம் அளந்துவிட்டு ஓய்ந்ததும், நோட்டு திருத்திக்கொண்டே சொன்னீர்கள்: "தமிழய்யா, நீங்க வாயத் தொறக்கற அகலத்துக்கும் அதுல வர்ற விசயத்துக்கும் விகிதமே ஒக்காருலீங்க." எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் சிரிப்பு யாரையும் கிழிக்காத சிரிப்பு. எனக்கு அந்த வித்தை கடைசிவரை கைவரவில்லை.

மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது வீட்டுக் கதைகளும் திறக்கும். அப்படி ஒரு மதியம்தான் உங்கள் நட்சத்திரத்தைச் சொன்னீர்கள். மூலம். 'பெண் மூலம் நிர்மூலம்' என்று எவனோ எதுகைக்கு ஆசைப்பட்டுச் சொல்லிவைத்ததில், உங்களைப் பார்க்க வந்த மூன்று வீட்டார் ஜாதகத்தை மடித்துத் திருப்பித் தந்துவிட்டுப் போயிருந்தார்கள். மூல நட்சத்திரத்து மருமகள் வந்தால் மாமனாருக்கு ஆகாதாம். "அதனால இப்ப மாமனார் உசுரோட இல்லாத ஊடாப் பாத்துட்டு இருக்கறாங்க," என்றீர்கள். "நான் கல்யாணம் பண்றதுக்கு யாரோ ஒரு பெரியவரு முன்கூட்டியே செத்துவெச்சிருக்கோணும், தமிழய்யா." நீங்களே சிரித்தீர்கள். பிறகு, இதை வெளியே சொல்லிவிட வேண்டாம் என்று சொல்லிவிட்டு மோர்சாதத்தைப் பிசைந்தீர்கள். நானும் பெரிய மனுஷனைப் போலத் தலையாட்டினேன். எனக்குள்ளே ஒருவன் மட்டும், அடடா, என்ன அருமையான வரி என்று அதை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். அவனைப் பற்றி நான் உங்களை எச்சரித்திருக்க வேண்டும்.

கணக்குக் கையேடு போடலாம் என்பது பிரின்சிபாலின் யோசனை. எழுதியது நீங்கள். அச்சகம் வரை நடையாய் நடந்தது நான். கோட்டைமேட்டில் பாய் ஒரு சின்ன அச்சகம் வைத்திருந்தார். ஈய எழுத்தைக் கையால் கோத்து, காலால் மிதிக்கிற டிரெடில் மெஷினில் ஓட்டுகிற பழைய ஏற்பாடு. அவரிடம் வர்க்கமூலக் குறி மொத்தம் இரண்டே இரண்டுதான் இருந்தது. நீங்கள் ஆச்சரியப்பட்டுக் கேட்டபோது அவர் பதிலுக்கு ஆச்சரியப்பட்டார். "நான் அடிக்கறது கல்யாணப் பத்திரிகைங்க டீச்சர். நிக்காஹ், காதுகுத்து, கடைதொறப்பு. இதுல எதுலீங்க வர்க்கமூலம் வருது?"

அது நியாயமான கேள்விதான். அதன் பிறகு நீங்கள் செய்ததை நினைத்தால் இப்போதும் வியப்பாக இருக்கிறது. ஒரு தடவை மெஷினில் ஏறுகிற பக்கங்களுக்குள் இரண்டு மூலத்துக்கு மேல் வராதபடி, கணக்குகளையே இடம் மாற்றி மாற்றி அமைத்தீர்கள். எல்லாம் ஒத்துவந்தது. நாற்பத்தோராம் பக்கம் மட்டும் மடங்கவில்லை. அங்கே மூன்று தேவைப்பட்டது.

மூன்றாவது மூலம் விழுகிற அந்தக் கணக்கு எனக்கு மனப்பாடம். ஒரு முக்கோணத்தின் கோணங்கள் 1 : 2 : 3 என்ற விகிதத்தில் உள்ளன, அவற்றுக்கு எதிரே உள்ள பக்கங்களின் விகிதம் என்ன? நான் அச்சகத்து ஸ்டூலில் உட்கார்ந்தபடி, இதற்கு ஒரு புத்தகம் வேண்டுமா, பக்கமும் ஒன்றுக்கு இரண்டுக்கு மூன்றுதானே என்று கேட்டேன். நீங்கள் வரிகளுக்கு நடுவே செருகுகிற ஈயத் தகட்டைப் பாயிடம் கேட்டு வாங்கி, ஓரங்குலம், ஈரங்குலம், மூன்றங்குலமாக வெட்டச் சொல்லி என் முன்னால் வைத்தீர்கள். "முக்கோணமா நிறுத்துங்க பாக்கலாம்," என்றீர்கள். நான் எவ்வளவோ முட்டுக்கொடுத்துப் பார்த்தேன். ஒன்றும் இரண்டும் சேர்ந்து மூன்றின் மேலேயே நீட்டிப் படுத்துவிட்டன. முக்கோணம் என்ற பேச்சுக்கே இடமில்லை. எட்டிப் பார்த்த பாய், "என்ற மச்சானாட்டவே படுத்துக்குச்சுங்க," என்றார்.

பிறகு பத்திரிகைக் கழிவில் ஒரு ரோஸ் அட்டையை எடுத்து, மூன்று பக்கமும் சமமாக முக்கோணம் வெட்டினீர்கள். ஒவ்வொரு பக்கமும் இரண்டென்று வைத்துக்கொள்ளச் சொல்லி அதை நட்டநடுவே மடித்தீர்கள். கையில் பாதி நின்றது. அடிப்பக்கம் பாதியாகி ஒன்று. சரிவு அப்படியே இரண்டு. நடுவில் நிமிர்ந்து நிற்கிற மடிப்பு ஒன்றும் இல்லை, இரண்டும் இல்லை. "இதுதானுங்க ரூட் மூணு. ஒண்ணே முக்காலுக்கு மயிரிழை கொறைவு," என்றீர்கள். உச்சியில் முப்பது பாகை, காலடியில் அறுபது, மடிப்பு நிற்கிற இடத்தில் தொண்ணூறு. முப்பதுக்கு எதிரே ஒன்று, அறுபதுக்கு எதிரே ரூட் மூன்று, தொண்ணூறுக்கு எதிரே இரண்டு. "கோணம் மூணு மடங்கு பெருத்தாலும் எதிர்ல இருக்கற பக்கம் ரெண்டு மடங்குதானுங்க ஆகுது. ரெண்டும் ஒரே கணக்குன்னு நெனைக்கறவங்களாலதான் நம்ம டுட்டோரியலே ஓடுது," என்று சொல்லி என்னைப் பார்த்தீர்கள்.

ஆகவே விடை 1 : √3 : 2. அந்தக் குறி போனால் 1 : 3 : 2. அப்புறம் முக்கோணம் நிற்காது, பாயின் மச்சானைப் போலப் படுத்துவிடும். இதை நான் கண்ணால் பார்த்தேன், கையால் தொட்டேன். பின்னால் எனக்குத் தெரியாது என்று சொல்ல ஒரு சந்துகூட நீங்கள் விட்டுவைக்கவில்லை.

குறிக்குப் பதிலாக இங்கிலீஷ் V எழுத்தைப் போட்டுவிடலாமா என்றார் பாய். பிள்ளைகள் பரீட்சையில் வீ மூன்று என்று எழுதிவிடும் என்று மறுத்தீர்கள். எழுத்தாலேயே 'மூன்றின் வர்க்கமூலம்' என்று போடலாமே என்றேன் நான். பேப்பர் திருத்துகிறவர் சொல்லைத் தேடமாட்டார், குறியைத்தான் தேடுவார் என்றீர்கள். கடைசியில் மூன்றுக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டு அச்சடிப்பது, பிறகு பேனாவால் ஒவ்வொரு பிரதியிலும் நாமே குறி போடுவது என்று முடிவாயிற்று. அறுநூறு பிரதி. ஆளுக்கு முன்னூறு.

மூன்று மதியம் உட்கார்ந்தோம். நீங்கள் போட்ட மூலத்தை அச்சு என்றே எவரும் நினைப்பார்கள். தலைக்கோடு மூன்றின் தலைக்கு மேல் அளவாக நிற்கும். என்னுடையவை முதல் ஐம்பது மூலம் மாதிரி இருந்தன. அடுத்த நூறு, விடைத்தாளில் போடுகிற டிக் மாதிரி. அதற்கடுத்து என்ன மாதிரி என்று எனக்கே புரியவில்லை. நீங்கள் ஒன்றைக் கையிலெடுத்துத் தூரமாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "மூணுக்குக் கொடை புடிக்கச் சொன்னா கொக்கு புடிச்சுட்டு இருக்கறீங்க," என்றீர்கள்.

மூன்றாம் நாள் நான் இருநூற்றுப் பத்தாவது கொக்கைப் பிடித்து முடித்தபோது மணி இரண்டு. இரண்டரைக்குப் பக்கத்துத் தியேட்டரில் மேட்னி. மீதித் தொண்ணூறு பிரதிகளைச் சணல் போட்டுக் கட்டினேன். நாளைக் காலையில் சீக்கிரம் வந்து போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். நான் வாழ்க்கையில் எதற்கும் காலையில் சீக்கிரம் வந்தவன் இல்லை என்பது அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை. வாசலில் எதிர்ப்பட்ட நீங்கள் முடித்தாயிற்றா என்று கேட்டீர்கள். முடிச்சாச்சுங்க என்றேன். நீங்கள் கட்டைப் பிரித்துப் பார்க்கவில்லை. ஒரு மனுஷன் வாயால் சொன்னதைப் பிரித்துப் பார்ப்பது மரியாதையில்லை என்று நினைக்கிற வளர்ப்பு உங்களுடையது. மறுநாள் நான் வருவதற்குள் புத்தகம் விநியோகமாகிவிட்டது. படம் இடைவேளை வரைகூடத் தாங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தத் தொண்ணூறும் சாயங்காலப் பிரிவுக்குப் போயின. போர்டில் நீங்கள் சரியாகத்தான் நடத்தினீர்கள். ஆனால் போர்டில் சாக்பீஸால் எழுதியதைவிட அச்சில் வந்ததுதான் சத்தியம் என்று நம்புகிற ஜனம் நம்முடையது. அந்த வருஷப் பரீட்சையில் அதே கணக்கு எண் மாறாமல் வந்தது. காலைப் பிரிவு துள்ளிக்கொண்டு வந்தது. சாயங்காலப் பிரிவும் துள்ளிக்கொண்டுதான் வந்தது. முடிவு வந்தபோதுதான் விஷயம் வெளியே தெரிந்தது. மில்லில் நூலைக் கோனில் சுற்றுகிற வேலையில் இருந்த ஒரு பெண், நாலாவது தடவையாக எழுதியவர், மூன்று மதிப்பெண்ணில் தவறியிருந்தார். அந்தக் கணக்குக்கு மட்டும் ஐந்து. அவர் புத்தகத்தைக் கொண்டுவந்து உங்கள் மேஜையில் விரித்துக் கேட்டது, அடுத்த நாற்காலியில் இருந்த என் காதிலும் விழுந்தது.

"ஏனுங்க டீச்சர், காலைல வர்றவிங்க புஸ்தகத்துல மூணுக்கு முன்னால டிக் போட்டிருக்குதுங்க. எங்களுதுல இல்லீங்க. நீங்க போர்டுல போட்டப்பக்கூட, மூணுன்னு சொன்னது செரின்னு டிக் போடறீங்கன்னு நெனச்சுட்டமுங்க."

நீங்கள் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அவர் டிக் என்று சொன்னது என்னுடைய கொக்குகளை. இடம் வெறுமையாக இருந்தது என்னுடைய கட்டு. எது யார் கைவேலை என்று உங்களுக்கு விளங்க ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. நிமிர்ந்து என்னைப் பார்த்தீர்கள். நான் மும்முரமாகச் சாக்பீஸ் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பிரின்சிபால் அறை. வெளியே சாயங்காலப் பிரிவின் அப்பா அம்மாக்கள், புருஷன்மார்கள். உள்ளே நீங்கள், நான், அவர். அட்டையில் உங்கள் பெயர் பெரிதாக இருந்த புத்தகம் மேஜை மேல் கிடந்தது. கடைசியாகப் பார்த்து அனுப்பியது யார் என்று கேட்டார். நீங்கள் தலையை லேசாகத் திருப்பி என்னைப் பார்த்துவிட்டு உதட்டுக்குள் தெலுங்கில் எண்ணத் தொடங்கினீர்கள். நான் பீரோவின் பக்கத்தில் நின்று, தொங்கிய காலண்டரில் ராகுகாலம் பார்த்தேன். ஐந்தைத் தாண்டினீர்கள். பத்தைத் தாண்டினீர்கள். பதினேழு வரை போனது. அது கோபத்துக்கான எண்ணிக்கை அல்ல என்பது எனக்கு அப்போதே தெரியும். எனக்குக் கொடுத்த அவகாசம்.

பதினெட்டு வரவில்லை. "அட்டைல என்ற பேருதானுங்க இருக்குது. நான்தான் பாத்திருக்கோணும்," என்றீர்கள்.

பிரின்சிபால் என் பக்கம் திரும்பி, என்னிடம் வந்தபோது புத்தகம் எப்படி இருந்தது என்று கேட்டார்.

"இப்படியேதானுங்க இருந்துது," என்றேன்.

பாருங்கள், அது பொய்கூட இல்லை. பாயிடமிருந்து வந்தபோது குறி இல்லாமல்தானே வந்தது. தமிழ் படித்தவன் வேறெதற்குப் பயன்படாவிட்டாலும் இதற்குப் பயன்படுவான். நீங்கள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஆமாங்க, அதுவும் செரிதானுங்க," என்றீர்கள்.

அதோடு விட்டிருந்தால் என்னைக் கோழை என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம். நான் அப்போது ஒரு சின்ன நகைச்சுவைப் பத்திரிகைக்குத் துணுக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அந்த மாதம் பக்கம் நிரப்ப ஒன்று குறைகிறது என்று கேட்டிருந்தார்கள். உங்கள் பெயர் போடாமல், ஊர் போடாமல், நாலு வரி எழுதி அனுப்பினேன். 'கணக்கு டீச்சருக்கு ஜாதகத்தில் மூலம் இருந்ததால் மாப்பிள்ளை வரவில்லை; புத்தகத்தில் மூலம் இல்லாததால் மாணவர்கள் தேறவில்லை.' முதல் இரண்டு வரி முன்னுரை. சாரம் இதுதான். எனக்கு முதன்முதலாக வாசகர் கடிதம் வந்தது அந்தத் துணுக்குக்குத்தான், டீச்சர். பின்னால் மேடை, பட்டிமன்றம், சிரிப்பரங்கம் என்று நான் ஏறிய ஏணிக்கு அதுதான் முதல் படி. ஏன் எழுதினாய் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால், சும்மா தமாஷுக்கு என்று சொல்லியிருப்பேன். காரணம் வேறு. ஊர் உங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்வரை, பேனா யார் கையில் இருந்தது என்று எவரும் கேட்கமாட்டார்கள்.

ஊர் பெயரைச் சேர்த்துக்கொண்டது. நீங்கள் மூலம் டீச்சர் ஆனீர்கள். போர்டில் எழுதினார்கள். மாடிப்படியில் பின்னாலிருந்து கூப்பிட்டார்கள். ஒருநாள் உங்கள் நாற்காலியில் காற்றடித்த ஸ்கூட்டர் டியூப் ஒன்றை வைத்திருந்தார்கள், மற்ற மூலக்காரர்கள் போட்டு உட்காருவது போல. நான் வராந்தாவில் போய்க்கொண்டிருந்தேன். நீங்கள் அதை எடுத்து மூலையில் சாய்த்துவைத்துவிட்டு, அன்றைக்குரிய கணக்கை முடிக்கும்வரை நின்றபடியே நடத்தினீர்கள். என்னை எல்லோரும் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள், என்னமா எழுதிவிட்டீர்கள் தமிழய்யா என்று.

மாதக் கடைசியில் வேலையிலிருந்து நின்றுகொண்டீர்கள். அதற்கு முந்தின வாரம், சாயங்காலப் பிரிவில் மறுபடி எழுதப்போகிறவர்களிடம் புத்தகத்தைக் கேட்டுக் கேட்டு வாங்கிவந்து, மேஜையில் அடுக்கி, கருப்புப் பேனாவால் ஒவ்வொன்றாகக் குறி போட்டீர்கள். எட்டடி தள்ளி நான் உட்கார்ந்திருந்தேன். இந்தக் கட்டில் பாதியைப் பிடியுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் கேட்கவில்லை. நானும் எழுந்து வரவில்லை. சீராக, அளவாக, தலைக்கோடு நேராக, கடைசிப் பிரதி வரை போட்டு முடித்துவிட்டுப் பேனாவை மூடினீர்கள். அதன் பிறகு நீங்கள் எங்கேயும் கணக்கு நடத்தவில்லை.

தொண்ணூறுகள் முடிகிற சமயம், பெருந்துறைக்கு ஒரு பட்டிமன்றத்துக்காகப் போயிருந்தேன். மத்தியான வெயிலில் பஸ் நிறுத்தத்தில் உங்களைப் பார்த்தேன். தொழிற்பேட்டையில் ஒரு நூல் கம்பெனியில் இருப்பதாகச் சொன்னீர்கள். அங்கே என்ன வேலை என்று கேட்டேன். "பெட்டிக்கு எத்தன கோன் இருக்குதுன்னு எண்ணறனுங்க," என்றீர்கள். "கூட்டலும் கழித்தலுந்தான். அதுல மூலம் வர்றதில்ல."

நான் சிரித்தேன். என்ன செய்ய, வாய் பழகிவிட்டது. பிறகு, அன்றைக்குப் பிரின்சிபால் அறையில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும் என்று ஆரம்பித்து, ஆனால் காலண்டரில் ராகுகாலம் ஓடிக்கொண்டிருந்ததே என்று முடித்துவைத்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. உங்கள் பஸ் வந்து நின்றது. நீங்கள் ஏறவில்லை.

"தமிழய்யா, ஒரே ஒரு வாக்கியத்தச் சிரிக்காம முடிங்க. நான் நின்னு கேக்கறேன்."

பஸ் போய்விட்டது. வந்துங்க டீச்சர் என்றேன். மேலே வரவில்லை. அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்து, சாயங்காலம் பேச வந்திருக்கும் ஆள் நான்தானே என்று கேட்டார். ஆண்டவனே வந்ததுபோல அவர் பக்கம் திரும்பிவிட்டேன். அவர் கேட்டதும் நான் பதில் சொன்னதுமாகச் சில நிமிஷம் ஓடியது. திரும்பிப் பார்த்தால் நீங்கள் அடுத்த பஸ்ஸின் ஜன்னலில் இருந்தீர்கள். வாரனுங்க என்றீர்கள். நம் பக்கத்தில் யாரும் போகிறேன் என்று சொல்வதில்லை.

நீங்கள் படிக்க முடியாத இடத்துக்குப் போன பிறகு இதையெல்லாம் எழுதுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். எதிரே இருந்து யாரும் எண்ணப்போவதில்லை. ஆனால் நீங்கள் போன பிறகும் எனக்கு இன்னொரு வாய்ப்பு வந்தது. அதைச் சொல்லாமல் இந்த மடலை முடித்தால் இதுவும் இன்னொரு கட்டிவைத்த கட்டாகிவிடும்.

போன மாதம் போத்தனூரில் உங்கள் படத்திறப்பு. ஒரு சின்ன மண்டபம், எழுபது எண்பது பேர். உங்கள் தம்பி பேசினார். அக்காவுக்குக் கணக்கு என்றால் உயிர், ஒரே ஒரு தப்பு நடந்துபோச்சு, அதிலே மனசொடிஞ்சு வேலையையே விட்டுட்டா என்றார். பிறகு, அக்காவோடு ஒன்றாக வேலை பார்த்தவர், பெரிய பேச்சாளர் என்று சொல்லி என்னிடம் மைக்கைக் கொடுத்தார். அந்தத் தப்பு டீச்சருடையது அல்ல, என்னுடையது. இதுதான் வாக்கியம். பஸ்ஸில் வரும்போதே பல தடவை சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். உங்கள் படம் மாலைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. முன்வரிசையில் அழுதுகொண்டிருந்தார்கள். அழுகிற கூட்டத்தின் முன்னால் நின்று எனக்குப் பழக்கமில்லை. கொஞ்சம் இளக்கிவிட்டு விஷயத்துக்கு வரலாம் என்று, நிக்காஹ் பத்திரிகையில் வர்க்கமூலம் எதற்கு என்று பாய் கேட்டதைச் சொன்னேன். சிரித்தார்கள். சரி, இன்னும் ஒன்று என்று கொக்குக் கதையைச் சொன்னேன். அது இன்னும் நன்றாக எடுபட்டது. அழுதவர்களும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். மூன்றாவதாக, பாயின் மச்சான் படுத்த கதையையும் சொன்னேன். அதன் பிறகு, தங்கமான மனுஷி என்று கும்பிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

கிளம்பும்போது உங்கள் தம்பி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நான்தான் வாய்தவறி எடுத்துட்டனுங்க. அந்தத் தப்பப் பத்தி நீங்களும் பேசுவீங்களோன்னு பயந்துட்டே இருந்தனுங்க சார். ஒரு வார்த்தை எடுக்கலீங்களே. அதுக்குப் பெரிய மனசு வேணுமுங்க."

"அதெல்லாம் இப்ப எதுக்குங்க," என்றேன்.

வெயிலில் வாசல்வரை வந்து, ஆட்டோ கிடைக்கும்வரை கூடவே நின்று, ஏற்றிவிட்டுத்தான் உள்ளே போனார். அவர் எனக்குக் கொடுத்தனுப்பிய அந்தப் பெரிய மனசு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, டீச்சர்.